வாழ்ந்திருக்கிறார்கள்

மதியம் மூன்று அடிக்கப் பத்து நிமிடம். மூடிக் கிடக்கிற மில்லைத் தாண்டிப் போகும் சாலை. மரம் கிடையாது, கடை கிடையாது, ஒரு நாய்கூடக் கிடையாது. தார் இளகி, செருப்பு ஒவ்வொரு அடிக்கும் ப்சக்... ப்சக்... என்று ஒட்டிப் பிரிகிறது. வேறு சத்தமே இல்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு ஆள் நடந்து போகிறார்.

சிரிக்காதீர்கள். பேய்க்கு ராத்திரி ஷிப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது?

மெழுகுவத்தியைக் கொஞ்சம் நடுவில் நகர்த்துங்கள். கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். படம் பார்க்க வந்தோம், ப்ரொஜெக்டர் படுத்துவிட்டது. சும்மா இருக்கலாம் அல்லவா? இந்த வங்கிக்காரர் ஆரம்பித்தார். "யாருமே கவனிக்காத படம் சார். ஆனா நடிப்புக்காகவே பாக்கணும். அந்த அம்மா நடிக்கவே இல்ல... வாழ்ந்திருக்காங்க!"

அந்த வார்த்தை மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டீர்கள். அதனால்தான் சொல்கிறேன்.

நான் ஒரு வாரப் பத்திரிகையில் பிழை திருத்துபவனாக இருந்தேன். பதினாறு வருடம். என் மேஜைக்கு எதிர் மேஜை லே-அவுட்காரருடையது. அவருடைய தங்கை வீட்டுக்காரர்தான் எங்கள் சினிமா விமர்சகர். நடந்தது அவருக்கு. அவருடைய குறிப்பேட்டில் இருந்தது, டிக்கெட் கிழிக்கிறவர் சொன்னது, கடைசியில் நானே பார்த்தது... மூன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

விமர்சகர் சாதாரண ஆள் இல்லை. அவர் படம் பார்க்க மாட்டார். படத்தை 'அணுகுவார்'. கேன்டீனில் வடை வந்தால்கூட அதைக் கொஞ்ச நேரம் அணுகிவிட்டுத்தான் சாப்பிடுவார். இருட்டான அரங்குக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருவார். அது ஞானிகளின் பழக்கம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தோம். தூங்குவது தெரியாமல் இருக்க என்று பிறகு தெரிந்தது.

வாராவாரம் 'கண்ணில் படாத முத்துகள்' என்று ஒரு பக்கம் எழுதுவார். யாரும் பார்க்காத பழைய படங்களுக்குச் சிபாரிசு. யாரும் பார்க்காத படத்தில் ஒரு வசதி உண்டு, எழுதுகிறவரும் பார்க்க வேண்டியதில்லை. ஒரு பழைய ஸ்டில், நடித்தவர்கள் பட்டியல், போதும். மீதியை மூன்று வாக்கியம் பார்த்துக்கொள்ளும். அதில் முதல் வாக்கியம்: "இவர்கள் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்கள்." பதினெட்டு வருடத்தில் அவர் பேனாவில் நடித்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது. எல்லாரும் வாழ்ந்தவர்கள்தான். அச்சுக்கூடத்துப் பையன்கள் அவருக்கு வைத்திருந்த பெயரே 'வாழ்ந்தார்'.

அந்த வாரம் அவருக்கு ஒரு தபால் வந்தது. டைப் அடித்த கடிதம். "எங்கள் படத்தைப் பற்றி எழுதியதற்கு... வியாழன் மதியம் மூன்று மணிக்கு உங்களுக்காகத் தனிக் காட்சி. தயவுசெய்து நேரில் வரவும்." நன்றி என்ற சொல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். டைப் அடித்தவர் விட்டுவிட்டார் என்று நினைத்தேன்... தொழில் புத்தி.

மூன்று வாரம் முன்னால் அவர் எழுதிய படம் அது. 'சாவி உள்ளே இருக்கிறது' என்று பெயர். எட்டு வருடம் முன்பு வந்து, நான்கு நாள் ஓடி, காணாமல் போனது. ஒரே அறை. அப்பா, அம்மா, மகன், மகள். கதவு திறக்கவில்லை. அவ்வளவுதான் கதை.

கிளம்பும்போது அவர் மகள், நான்காம் வகுப்பு, வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். அன்று மாலை ஆறு மணிக்குப் பள்ளியில் அவள் நாடகம். நதியாக நடிக்கிறாள். நீல சேலை, பதினொரு வரி வசனம்.

"அப்பா, இன்னிக்காவது வருவியா?"

"முதல் வரிசையில இருப்பேன்."

"போன வருஷமும் இதையேதான்பா சொன்ன. மறுநாள் வந்து 'பிரமாதமா வாழ்ந்துட்டே'ன்னு எல்லார்கிட்டயும் சொன்ன. நான் அன்னிக்குக் காய்ச்சல்ல வீட்ல படுத்திருந்தேன்."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்த சத்தம் கேட்டிருக்கிறது. அவருக்குச் சுருக்கென்றது. "சத்தியமா வரேன்" என்றார். குறிப்பேட்டின் அன்றைய பக்கத்தில் மேலேயே பெரிதாக எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தார்: ஆறு மணி. நதி.

தியேட்டர் அந்த மில் சாலையின் கடைசியில் இருந்தது. வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் மட்டும். வயதானவர், காக்கிச் சட்டை. கடிதத்தோடு வந்திருந்த டிக்கெட்டை வாங்கிப் பாதி கிழித்தார். "வாங்க சார். உங்களத்தான் எதிர்பாத்துட்டு இருக்காங்க."

"யாரு?"

"உள்ள இருக்காங்க."

உள்ளே... ஃபினாயில் வாசனை. அதற்கு அடியில் வௌவால் நெடி. அறுநூறு இருக்கை, ஒரு ஆள் இல்லை. ஒரே ஒரு மின்விசிறி மட்டும் டக்... டக்... டக்... என்று தலைக்கு மேல் சுற்றியது. நடு வரிசையில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். விளக்கு அணைவதற்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவிட்டார்: "மீண்டும் ஒருமுறை பார்க்கையிலும் அதே பிரமிப்பு."

படம் ஆரம்பித்தது. ஒரு அறை. கட்டில், மேஜை, மூடிய கதவு. அம்மா பையனுக்குச் சட்டைப் பொத்தான் தைக்கிறாள். ஊசி துணியில் இறங்குகிற சத்தம்கூடக் கேட்கிறது. அப்பா கதவைத் தோளால் முட்டுகிறார். மகள் சுவரில் காது வைத்துக் கேட்கிறாள்.

நம் ஆள் கண்ணை மூடினார்.

ஊசிச் சத்தம் நின்றது.

எல்லாச் சத்தமும் நின்றது. விசிறி மட்டும் டக்... டக்...

கண்ணைத் திறந்தார். திரையில் நான்கு பேரும் அப்படியே நின்றிருந்தார்கள். நான்கு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு யாராவது என்றால் அலறியிருப்பார்கள். இவர் பேனாவை எடுத்தார். "பார்வையாளனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் உத்தி" என்று எழுதினார். பக்கத்தைப் பார்த்திருக்கிறேன், கையெழுத்து ஆடவே இல்லை. மேதைகளுக்குப் பயம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

மறுபடி கண்ணை மூடினார். மறுபடி அமைதி. ஒரு பெண் குரல், அலுத்துப்போன குரல்:

"கண்ணாடியக் கழட்டுங்க சார். தூங்கறது இங்கருந்து நல்லாத் தெரியுது."

கழற்றினார்.

அதற்கப்புறம் எழுதியதெல்லாம் கோணல் மாணல். ஆனாலும் நடுவில் ஒரு வரி நிதானமாக இருக்கிறது: "அந்த அம்மா அழவில்லை. பொத்தானைத் தைத்து முடித்து, பையனுக்குச் சட்டையைப் போட்டுவிட்டு, வெளியே போகிறவனுக்குச் செய்வதுபோலக் காலரைச் சரிசெய்கிறாள். கதவு மூடியே இருக்கிறது." பதினெட்டு வருடத்தில் அவர் ஒரு காட்சியை உண்மையிலேயே பார்த்து எழுதியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நாலரை மணிக்கு எழுந்தார். பக்கவாட்டில் சிவப்பு விளக்கு எரிகிற கதவு. தள்ளினார், திறந்தது. நீண்ட நடைவழி. ஃபினாயில் வாசனை. வெளிச்சம் தெரிகிற பக்கமாக ஓடினார். கடைசியில் ஒரு கதவு... தள்ளினால் அதே அரங்கு. எதிர்ப் பக்கம். நடு வரிசையில் அவருடைய பை. தலைக்கு மேல் டக்... டக்...

திரையில் மகள் சொன்னாள், "அம்மா, இவரும் திரும்பி வந்துட்டார்."

"வருவார்டி. நாம எத்தன தடவ போய்ப் பாத்தோம்."

இன்னொரு கதவு. அதே நடை, அதே அரங்கு. மூன்றாவது கதவு. அதேதான். செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. மணி நாலே முக்கால். கத்தினார். அறுநூறு இருக்கையும் அந்தச் சத்தத்தை உறிஞ்சிக்கொண்டன.

"உக்காருங்க சார்," என்றாள் அம்மாவாக நடித்தவள். "எங்க விஷயத்த முடிச்சுக் குடுத்தா நீங்க ஆறு மணிக்குப் போயிடலாம்."

"உங்களுக்கு நான் என்ன பண்ணேன்? பாராட்டித்தானே எழுதினேன்!"

"பாராட்டத்தான் சார் தாங்கமுடியல. இந்தப் படம் முடிஞ்சு எட்டு வருஷம் ஆச்சு. யாரும் பாக்கல. சரின்னு அவங்கவங்க வேலைய பாத்துட்டுப் போயிட்டோம். நான் தையல் கடை வெச்சேன். இவரு ஸ்கூல் பஸ் ஓட்டறாரு. அந்தப் பையனுக்குப் போன வருஷம் கல்யாணம். இந்தப் பொண்ணு காலேஜ் போயிட்டு இருக்கா. நல்லாத்தான் இருந்தோம். மூணு வாரம் முன்னாடி வெள்ளிக்கிழமை காலைல ஒரு ஜாக்கெட் வெட்டிட்டு இருந்தேன். கத்திரிக்கோலக் கீழ வெச்சு நிமிந்து பாத்தா... இந்த ரூம்."

பஸ் ஓட்டுகிறவர் கதவில் சாய்ந்தபடி சொன்னார். "அன்னிக்குத்தான் உங்க பத்திரிகை வந்துச்சு. 'நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறார்கள்.' நடிச்சவன் மேக்கப்பக் கலைச்சா வீட்டுக்குப் போலாம் சார். வாழ்ந்தவன் எங்க போவான்?"

இருங்கள். வங்கிக்காரர் கேட்கிறார்: அவர்தான் எல்லாப் படத்துக்கும் அப்படி எழுதினாரே, இவர்கள் மட்டும் ஏன் மாட்டினார்கள்? நியாயமான கேள்வி. நானும் யோசித்தேன். இவர்கள் கடிதம் போட்டார்கள். அது மட்டும்தான் நமக்குத் தெரியும். மற்றவர்களுக்கு டைப் அடிக்கத் தெரியாமல் இருக்கலாம்.

சரி. அவர்கள் கேட்டது ஒரே ஒரு திருத்தம். 'நடித்திருக்கிறார்கள்' என்று அதே பத்திரிகையில், அதே பக்கத்தில், அவர் பெயரோடு ஒரு வரி. வியாழன் மாலை ஐந்தரைக்கு எங்கள் கடைசி பாரம், அதாவது கடைசிப் பக்கங்கள், அச்சுக்குப் போகும். டிக்கெட் கிழிக்கிறவரிடம் ஸ்கூட்டர் இருந்தது. பத்து நிமிடத்தில் வந்துவிடலாம்.

"திருத்தமா? என் எழுத்துக்கா?" என்று அவர் கேட்டிருக்கிறார். அந்த இடத்திலும். "பதினெட்டு வருஷத்துல நான் ஒரு திருத்தம்கூடப் போட்டதில்ல."

"நதி, பதினொரு வரி," என்றாள் திரையிலிருந்த மகள். அவர் மடியில் திறந்து கிடந்த குறிப்பேட்டைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "மணி அஞ்சாகப் போகுது சார்."

எழுதினார். "நமது முந்தைய இதழ் ஒன்றில் 'வாழ்ந்திருக்கிறார்கள்' என்று வந்தது தவறு. அவர்கள் நடித்திருக்கிறார்கள்." அங்கேயே முற்றுப்புள்ளி வைத்திருக்கலாம். புள்ளி வைத்தும் இருக்கிறார். அப்புறம்... அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன்... புள்ளியின் மேல் பேனா திரும்ப வந்திருக்கிறது. வெறுமனே 'நடித்திருக்கிறார்கள்' என்றால் மொட்டையாக இருக்கிறதே! வாசகன் என்ன நினைப்பான்? ஒரு அழகு வேண்டாமா? புள்ளியை வாலாக இழுத்துக் காற்புள்ளி ஆக்கி, பழக்கதோஷத்தில், தன்னுடைய இரண்டாவது வாக்கியத்தைச் சேர்த்துவிட்டார்:

"பார்ப்பவரை திரைக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு."

டிக்கெட் கிழிக்கிறவர் அந்தத் தாளைக் கிழித்து வாங்கினார். ஸ்கூட்டரில் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தபோது ஐந்து இருபத்தைந்து. அச்சு இயந்திரக்காரர் கத்திக்கொண்டிருந்தார். நான் படித்தேன். 'பார்ப்பவரை திரைக்குள்ளேயே' என்று இருந்தது. ஒற்று மிகும். 'த்' போட்டேன். வேறு பிழை இல்லை. 'சரி' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆமாம்... நான்தான்.

ஐந்து நாற்பதுக்கு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. அதே நேரம் தியேட்டர் வாசலில் நான்கு பேர் வெளியே வந்தார்கள் என்றார் டிக்கெட் கிழிக்கிறவர். அந்த அம்மா கையில் விமர்சகரின் பையும் குறிப்பேடும். "இத அவர் வீட்ல குடுத்துடுங்க" என்றாளாம். பஸ் ஸ்டாப் எந்தப் பக்கம் என்று கேட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்களாம். ஐந்தாவதாக யாரும் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தார். அறுநூறு இருக்கையும் காலி. திரையில் மட்டும் ஒரு ஆள்.

பள்ளியில் ஆறு மணிக்குத் திரை விலகியது. லே-அவுட்காரர் போயிருந்தார். அவர் தங்கை மகள் மூன்றாவது வரி வரை சொன்னாள். அப்புறம் முதல் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். மீதி எட்டு வரியையும் டீச்சர்தான் மறைவிலிருந்து சொன்னார்.

மறுநாள் இன்னொரு அடி. அந்த இதழ்தான் எங்கள் கடைசி இதழ் என்று முதலாளி அறிவித்துவிட்டார். பத்திரிகையே இல்லை, திருத்தத்துக்குத் திருத்தம் எங்கே போடுவது? வேறு பத்திரிகைக்குப் போய்க் கெஞ்சினேன். அந்த ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எங்க பத்திரிகைல வராத விமர்சனத்துக்கு நாங்க எதுக்கு சார் திருத்தம் போடணும்? நாங்க என்ன துணி துவைக்கிற கடையா?" என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக் காட்சிக்கு நாங்கள் போனோம். விமர்சகரின் மனைவி, மகள், லே-அவுட்காரர், நான். லே-அவுட்காரர் வாசலோடு நின்றுவிட்டார். "என்னால மச்சானை அப்படிப் பாக்க முடியாது. நீங்க போங்க." நாங்கள் மூன்று பேரும் நடு வரிசையில் உட்கார்ந்தோம். சின்னவள் நீல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

அதே அறை. கட்டில், மேஜை, மூடிய கதவு. நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். சத்தமே இல்லாத படம். அவர் எதுவும் செய்யவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

சின்னவள் எழுந்து போனாள். திரைக்கு முன்னால் நின்றாள். பதினொரு வரியையும் சொன்னாள். காலி அரங்கில் அந்தக் குரல் மேலே ஏறி ஏறிப் போயிற்று. நான் திரையைப் பார்த்தேன். அந்த மனிதர் இமைக்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. ஒரு நடிப்பை முதலிலிருந்து கடைசிவரை ஒரு ஆள் எப்படிப் பார்க்க வேண்டுமோ... அப்படிப் பார்த்தார்.

அவள் முடித்ததும் அவர் உதடு அசைந்தது. ஒரே ஒரு சொல். திரும்பத் திரும்ப.

"கூப்பிடறார்," என்றாள் மனைவி, என் பக்கத்திலிருந்து. "'வா, வா'ங்கறார்."

சின்னவள் திரைக்கு மிக அருகில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லம்மா... போ, போன்னு சொல்றார்."

பதினாறு வருடம் எழுத்தைப் பார்த்தே பிழைத்தவன் நான். அந்த உதட்டில் இருந்தது எது என்று எனக்குத் தெரியவில்லை. முன்னால் குனிந்து, கண்ணைச் சுருக்கி, இன்னொரு தடவை பார்த்தேன். உதடு ஒட்டியதா... ஒட்டாமல் திறந்ததா...

"நல்லாப் பாத்துச் சொல்லுங்கம்மா, உங்களுக்கு இப்ப எப்படித் தெரியுது?" என்று திரும்பினேன்.

இருக்கை மடங்கியிருந்தது. கை வைத்தேன். சூடு இருந்தது.

நான் திரையைப் பார்க்கவில்லை. ஓடினேன். சின்னவளின் முகத்தை என் சட்டையில் புதைத்துத் தூக்கிக்கொண்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருக்கைகளைத் தடவித் தடவி, முழங்கால் இடிக்க இடிக்க, வந்த வழியே நடந்தேன். பார்க்காதவனுக்குக் கதவு ஒழுங்காகத் திறந்தது. வெயில் முகத்தில் அடித்தது. லே-அவுட்காரர் ஓடி வந்தார். எங்களை எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, மறுபடி எண்ணினார்.

அப்போதுதான் கேட்டது. அதுவரை சத்தமே இல்லாத அந்தப் படத்திலிருந்து, எங்கள் முதுகுக்குப் பின்னால், வீட்டில் பேசுகிற மாதிரி சாதாரணமாக, அவர் மனைவியின் குரல்...

"ஏங்க, இன்னொரு நாற்காலி எடுத்துப் போட்டு வைங்க."